நள்ளிரவில் கை மாறிய கடிதங்கள்

இரத்தோட்டைக்கு எழுதும் கடிதத்தில் 21400 என்று போட்டால், பிரிப்பவர் முதலில் பார்ப்பது 21ஐத்தான். அது மாத்தளை மாவட்டம். கடிதம் மாத்தளைக்கு வந்து, இரத்தோட்டைக்கு ஏறி, அங்கிருந்து மலைத் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்துக்கு ஒற்றைப் பைதான். தப்பால்காரர் அதைத் தோட்ட ஆபீசில் சேர்ப்பார். ஆளாளுக்குப் பிரிப்பது அதற்குப் பிறகு. கொழும்பில் கடிதம் போடுபவருக்கு அந்த லயம் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பது தெரிய வேண்டியதே இல்லை.

1985இல் அமெரிக்கக் கணினி ஆர்வலர்களும் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் டொம் ஜெனிங்ஸ் ‘ஃபைடோ’ என்ற புல்லட்டின் போர்டு மென்பொருளை எழுதினார். வீட்டுக் கணினி ஒன்று, மோடம் ஒன்று, தொலைபேசி இணைப்பு ஒன்று: அவ்வளவுதான் நிலையம். யார் வேண்டுமானாலும் அழைத்துச் செய்தி எழுதிவிட்டுப் போகலாம். பால்டிமோரில் இருந்த ஜோன் மடிலின் கணினியும் ஜெனிங்ஸின் கணினியும் இரவில் ஒன்றையொன்று அழைத்துக் கடிதம் மாற்றிக்கொள்ளத் தொடங்கியதுதான் ஃபைடோநெட். இரவைத் தேர்ந்ததற்குக் காரணம் காசு. தொலைதூர அழைப்பு அப்போதுதான் மலிவு.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையமும் மற்ற நிலையத்தை நேரடியாக அழைத்தது. எல்லாமே எண் பட்டியலை நம்பித்தான் நடந்தது. ஒருமுறை பட்டியலில் ஓர் எண் பிழையாகிவிட்டது. விடியாத வேளையில் ஒரு மூதாட்டியின் வீட்டில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் மறுமுனையில் ஆளில்லை. கணினிகள் சளைக்காமல் அழைத்துக்கொண்டிருந்தன. புதிதாகச் சேர விரும்புபவர் ஃபைடோநெட் வழியாகவே விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்ற விதி எவ்வளவு நியாயமானது என்பது இங்கே புரியும். விண்ணப்பம் வந்து சேர்ந்தால் கணினி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

நிலையங்கள் பெருகியதும் சென்ட் லூயிஸில் கென் கப்லான், பென் பேக்கர் முதலியோரும் ஜெனிங்ஸும் கூடிப் பேசி, 1985 ஜூனில் முறையை மாற்றினார்கள். ஒரு நகரத்துக்குரிய கடிதங்கள் எல்லாம் ஒரே அழைப்பில் அந்த நகரத்தின் தலைமை நிலையத்துக்குப் போகும். அது உள்ளூர் அழைப்பில் பகிர்ந்து கொடுக்கும். பிறகு கண்டங்களுக்கு வலய எண் வந்தது. ஜெனிங்ஸின் முகவரி 1:125/111. இதில் 1 வட அமெரிக்கா, 125 சான் பிரான்சிஸ்கோ வலை, 111 அவருடைய கணினி.

ஆசியா அப்போது 6ஆம் வலயம். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும் கடிதம் 6:6/1 என்ற வாயில் நிலையத்தில் சேர வேண்டியிருந்தது. கடிதத்தின் தலைப்பில் அந்த வாயிலின் முகவரிதான் இருக்கும். உண்மையான முகவரி, வாசகர் கண்ணுக்குப் படாத தனி வரியில் கூடவே போகும். கடந்துவந்த நிலையங்கள் தத்தம் பெயரையும் நேரத்தையும் அடியில் பதிந்துவிடும். கடிதம் எங்கே தங்கியது என்பதை அந்த வரிகளைப் படித்தே சொல்லிவிடலாம். ஆசிய நிலையங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்த நேரம், இலங்கை இந்தியக் கணக்கில் இரவு 1.30 முதல் 2.30 வரை.

வழியில் இருப்பவர் நினைத்தால் கடிதத்தைப் படிக்கலாம். பூட்டு எதுவும் கிடையாது. 1989இல் வந்த விதிநூல் இதை மறைக்கவில்லை. பிறர் கடிதத்தில் உள்ளதை வெளியிடவோ பயன்படுத்தவோ கூடாது என்றது. மறைகுறியாக்கிய கடிதத்தை அனுப்ப வழியில் உள்ளவர்களின் சம்மதமும் தேவை என்றது. தங்கள் இயந்திரத்தில் எது போகிறது என்று தெரியாமல் பொறுப்பேற்க அவர்கள் தயங்கினார்கள். முகம் தெரியாதவர்களின் நேர்மையை நம்பி, கூலி வாங்காமல் பல்லாயிரம் வீடுகள் நடத்திய அஞ்சல் அது. மின்னஞ்சல் வரலாற்றில் அதற்கு ஓர் அத்தியாயமாவது கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் பெங்களூரில் அதுல் சிட்னிஸ் ‘சிக்ஸ்’ என்ற போர்டை நடத்தினார். 1994இல் தொலைத்தொடர்புத் துறை இத்தகைய போர்டுகளுக்கு இலட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கேட்டது. ஆர்வலர்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தார்கள். இலங்கையில் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய ‘லேர்ன்’ மின்னஞ்சலும் சேர்த்துவைத்துத் தொலைபேசியில் அனுப்பும் முறைதான். 1995இல் வணிக இணையம் வந்தது. இரவு அழைப்புகளுக்கு வேலை குறைந்தது.

ஃபைடோநெட் இன்றும் இயங்குகிறது, இணையத்தின் மேலேறி. ஆசியாவின் 6ஆம் வலயம் மட்டும் 2007இல் கலைக்கப்பட்டு, எஞ்சிய நிலையங்கள் 3ஆம் வலயத்தில் சேர்க்கப்பட்டன.