ஏணி எட்டாத மாடியில் தீ... உங்கள் வராண்டாவின் சிவப்புப் பெட்டி தயாரா?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம், சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். இங்கே உயரம்னா தண்டாயுதபாணி கோயில் இருக்கும் குன்றுதான். ஆனால், இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போய் இறங்கும் சென்னை, கோவை, துபாய் போன்ற ஊர்களில் எட்டாவது மாடியும் பன்னிரண்டாவது மாடியும் சாதாரணம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் தாத்தா, பாட்டிகள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துணிக்குழாய் சுருண்டு கிடக்கும்.

காட்டுக்கு ஓஸ் இழுத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு அந்தப் பெட்டியின் ரகசியம் பாதி தெரியும். எங்கேயாவது ஒரு மடிப்பு விழுந்தால் போதும், மோட்டார் ஓடினாலும் மறுமுனைக்குத் தண்ணி வராது. வயலில் என்றால் நடந்துபோய் நீவி விடலாம். புகை சூழ்ந்த ஒன்பதாவது மாடியில் அதற்கு நேரம் கிடைக்காது. அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் ஹோஸை எப்படி மடிக்கணும், எப்படி விரிக்கணும்னு திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தண்ணீர் ஏன் உள்ளேயிருந்து வரணும்?

'தீப்பிடிச்சா ஃபயர் சர்வீஸ் வரும், ஏணி போட்டு அணைச்சிடுவாங்க' என்பதுதான் நம்மில் பலரின் நம்பிக்கை. வானளாவிய ஸ்கைலிஃப்ட் வண்டிகள் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. அவை வந்தாலும் நிற்க அகலமான, உறுதியான இடம் வேண்டும். மின்கம்பிகளும் பார்க்கிங் கார்களும் வழிவிட வேண்டும்.

சென்னையின் முதல் உயரமான கட்டடம் என்று நாம் கொண்டாடும் அண்ணா சாலை எல்.ஐ.சி கட்டடம் 14 மாடி. 1975 ஜூலை 11-ல் அதில் பெரும் தீ விபத்து நடந்தது. தப்பி நின்ற அந்தக் கட்டடம் பிறகு சீரமைக்கப்பட்டது. 42 ஆண்டுகள் கழித்து, 2017 மே 31 அதிகாலை, தி.நகர் உஸ்மான் சாலையில் 'சென்னை சில்க்ஸ்' கட்டடம் பற்றி எரிந்தது. அது 7 மாடிதான். ஆனாலும் உள்ளே அடைந்திருந்த புகையும் வெப்பமும் வீரர்களை நெருங்க விடவில்லை. தீ ஒரு நாளுக்கு மேல் நீடித்தது. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மீதியைப் பிறகு இடித்தே அகற்ற வேண்டியதாயிற்று.

வெளியே நின்று பீய்ச்சும் தண்ணீர் ஜன்னலையும் சுவரையும் நனைக்கும். உள் அறையில் எரியும் தீயைத் தொடுவது கடினம். உயரம் கூடக் கூட அதுவும் நடக்காது. அதனால்தான் கட்டடத்துக்குள்ளேயே ஒரு தண்ணீர்ப் பாதை கேட்கிறார்கள். தேசிய கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருப்பதை உயரமான கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டு கட்டட விதிகளில் இந்த எல்லை 18.30 மீட்டர்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

கீழ்த் தொட்டியிலிருந்து பம்ப் மூலம் மேலே ஏறும் பெரிய இரும்புக் குழாய்க்கு 'வெட் ரைசர்' என்று பெயர். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கினால் 'டவுன் கமர்'. ஒவ்வொரு மாடியிலும் இதிலிருந்து ஒரு வால்வு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகில் இருக்கும் பெட்டியில் பொதுவாக இவை இருக்க வேண்டும்:

• 63 மி.மீ விட்டமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட துணி ஹோஸ், வழக்கமாக 2.

• இரண்டு பக்கமும் கப்ளிங். ஆண் முனை வால்வுக்குள் போகும். பெண் முனை நாசிலை வாங்கிக்கொள்ளும். உள்ளே தள்ளினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும், திருகத் தேவையில்லை.

• தண்ணீரைப் பீய்ச்சும் பிராஞ்ச் பைப், அதாவது நாசில்.

பக்கத்திலேயே ஒரு சக்கரத்தில் கெட்டியான ரப்பர் குழாய் சுற்றியிருந்தால், அது 'ஹோஸ் ரீல்'. அது வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

47 கிலோ கணக்கு

காலியாக இருக்கும்போது துணி ஹோஸை ஒரு கையில் தூக்கிவிடலாம். தண்ணீர் ஏறியதும் கதை மாறும். 63 மி.மீ விட்டத்தில் 15 மீட்டர் நீளத்துக்கு உள்ளே சுமார் 47 லிட்டர் பிடிக்கும், அதாவது 47 கிலோ. இரண்டை இணைத்தால் 94 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ என்றால், கிட்டத்தட்ட இரண்டு மூட்டையை இழுத்துக்கொண்டு படியேறுவதற்குச் சமம்.

அடுத்தது அழுத்தம். தண்ணீரை 10 மீட்டர் மேலே ஏற்றவே சுமார் 1 கிலோ அழுத்தம் செலவாகிவிடும். 36 மீட்டர் உயரத்துக்கு 3.6 கிலோ போச்சு. உச்சி மாடி வால்வில் 3.5 கிலோ மிச்சம் வேண்டும் என்றால், கீழே பம்ப் 7 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். குழாய் உராய்வு தனிக்கணக்கு.

20 மி.மீ நாசிலில் 3.5 கிலோ அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ந்தால், பிடித்திருப்பவரைச் சுமார் 22 கிலோ விசை பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கை நழுவினால் ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளி, உலோக நாசில் யார் தலையில் வேண்டுமானாலும் அடிக்கும். பயிற்சி இல்லாத ஒருவர் தனியாகத் தொடக் கூடாது என்பது இதனால்தான்.

மடிப்பில் இருக்கு சூட்சுமம்

தண்ணீர் ஏறிய ஹோஸை நகர்த்துவது கஷ்டம். எனவே, தண்ணீர் வருவதற்கு முன்பே அது சரியான இடத்தில், முறுக்கு இல்லாமல் கிடக்க வேண்டும். அது எப்படிச் சுருட்டி வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் எப்படி விரியும் என்பதும்.

*ஒற்றைச் சுருள்:* பாய் சுருட்டுவது போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. வைத்துப் பாதுகாக்க நல்லது. ஆனால் ஒரு கப்ளிங் நடுவில் மாட்டிக்கொள்ளும். முழுசாக உருட்டி விட்டால்தான் கைக்கு வரும். 6 மீட்டர் வராண்டாவில் 15 மீட்டர் ஹோஸை உருட்டினால், சுவரில் முட்டிச் சிக்கிக்கொள்ளும்.

*இரட்டைச் சுருள்:* ஹோஸை நடுவில் மடித்து, அந்த மடிப்பிலிருந்து சுருட்டுவது. இரண்டு கப்ளிங்கும் வெளியே இருக்கும். ஒரு முனையை வால்வில் மாட்டிவிட்டு மறுமுனையோடு கிளம்பிவிடலாம்.

*விசிறி மடிப்பு:* புடவைக் கொசுவம் வைப்பது போல முன்னும் பின்னுமாக அடுக்குவது. நடக்க நடக்க ஒவ்வொரு மடிப்பாகக் கழன்று வரும். படிக்கட்டுக்கு ரொம்ப வசதி. ஆனால் வருஷக்கணக்கில் அதே இடத்தில் மடிந்திருந்தால் உட்புற ரப்பர் விரிசல் விடும். அவ்வப்போது மடிப்பை ஒரு சாண் தள்ளி மாற்றி வைக்க வேண்டும்.

*தோள்கட்டு:* வெளிநாடுகளில் உயரமான கட்டடங்களுக்கென்றே தயாரித்து வைப்பது. விசிறி மடிப்பாக மடித்து, வார்ப்பட்டையால் கட்டி, நாசிலையும் முன்கூட்டியே மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். இரண்டு கையும் சும்மா இருக்கும்.

*வளையக்கட்டு:* அமெரிக்காவில் 'கிளீவ்லேண்ட் லோட்' என்பார்கள். ஜாங்கிரி மாதிரி வளையம் வளையமாக அடுக்குவது. கட்டை அவிழ்த்துக் கீழே வைத்து, வளையமாக இருக்கும்போதே தண்ணீரை ஏற்றலாம். பிறகு ஒவ்வொரு வளையமாக இழுத்துக்கொண்டு முன்னேறலாம். கால் வைக்கவே இடமில்லாத படிக்கட்டுத் திருப்பத்துக்கு ஏற்றது.

இதில் எது சிறந்தது என்றால், இடத்தைப் பொறுத்தது. நீளமான வராண்டாவுக்கு இரட்டைச் சுருள் போதும். குறுகலான படிக்கட்டுக்கு விசிறி மடிப்போ வளையமோதான் கைகொடுக்கும்.

மாடியில் எப்படி விரிக்கிறாங்க?

ஒன்பதாவது மாடியில் தீ என்றால், பயிற்சி பெற்ற வீரர்கள் ஒன்பதாவது மாடி வால்வைத் தேடிப் போவதில்லை. எட்டில், சில சமயம் ஏழில் இணைப்பு கொடுக்கிறார்கள். அங்கே புகை இல்லை, நிதானமாக வேலை பார்க்கலாம். நிலைமை கைமீறினால் அதே ஹோஸைத் தடவிக்கொண்டே பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பிவிடலாம். கண் தெரியாத புகையில் ஹோஸ்தான் வழிகாட்டி.

படிக்கட்டில் கைப்பிடிப் பக்கம் ஒட்டிப் போட்டால் திருப்பத்தில் மடிப்பு விழும். அதனால் வெளிச்சுவரை ஒட்டிப் போடுகிறார்கள். மிச்சமுள்ள நீளத்தை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலுள்ள படியில் ஏற்றி வைக்கிறார்கள். உள்ளே போகும்போது தண்ணீர் ஏறிய ஹோஸை மேலே இழுப்பதைவிட, மேலிருந்து கீழே சரிய விடுவது சுலபம்.

பிறகு வால்வை மெதுவாகத் திறக்கிறார்கள். படக்கென்று திறந்தால் தண்ணீர் அடிக்கும் அடியில் கப்ளிங்கே கழன்றுவிடலாம். நாசிலைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியேற்றி, அழுத்தம் சரியா என்று பார்க்கிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகே தீ இருக்கும் மாடியின் கதவைத் திறப்பார்கள். நாசிலில் ஒருவர், அவருக்குப் பின்னால் தாங்கலுக்கு ஒருவர், கதவிலோ திருப்பத்திலோ ஹோஸை ஊட்டிவிட ஒருவர், வால்வில் ஒருவர்.

இதில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹோஸ் உள்ளே போன கதவு முழுசாக மூடாது. அந்த இடைவெளி வழியாகப் புகை படிக்கட்டில் ஏறும். எனவே மேல் மாடிக்காரர்கள் புகை சூழ்ந்த அந்தப் படியில் இறங்கக் கூடாது. இன்னொரு படிக்கட்டு இருந்தால் அதில் போகலாம். வழியே இல்லை என்றால் வீட்டுக்குள் திரும்பி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, ஜன்னலோரம் நின்று, எந்த மாடி, எந்த வீடு என்று போனில் சொல்ல வேண்டும்.

பிலடெல்பியா சொன்ன பாடம்

1991 பிப்ரவரி 23. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் தீப்பிடித்தது. வீரர்கள் ஹோஸோடு மேலே போனார்கள். ஆனால் நாசிலில் போதுமான வேகத்தில் தண்ணீர் வரவில்லை. அழுத்தத்தைக் குறைப்பதற்காக வைத்திருந்த வால்வுகள் தவறான அளவில் செட் செய்யப்பட்டிருந்தன. மின்சாரமும் போய்விட்டது. 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 29-வது மாடி வரை ஏறிய தீயை 30-வது மாடியில் நிறுத்தியது, அங்கே வேலை செய்த 10 ஸ்பிரிங்க்ளர்கள்.

வால்வு, குழாய், ஹோஸ் எல்லாமே அங்கே இருந்தன. அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்திருக்கவில்லை. நம்ம ஊர் ஏ.எம்.சி ஒப்பந்தத்தில் 'செக் பண்ணியாச்சு' என்று போடும் கையெழுத்துக்குப் பின்னால், உச்சி மாடியில் நிஜமாகவே தண்ணீர் விட்டுப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

தீப்பிடிச்சா நீங்க என்ன செய்யணும்?

• முதலில் சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்புங்கள். அலாரத்தை அழுத்துங்கள். 101 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். லிஃப்டைத் தொடாதீர்கள்.

• தீ சின்னதாக இருந்து, உங்களுக்குப் பின்னால் வெளியேறும் வழி திறந்திருந்தால் மட்டும் அணைக்கப் பாருங்கள். அதற்குத் தீயணைப்பான் சிலிண்டர் அல்லது ஹோஸ் ரீல். ரீல் குழாய் ஒல்லியானது, வழக்கமாக 30 மீட்டர் நீளம். கெட்டி ரப்பர் என்பதால் முழுசாக விரிக்காமலேயே தண்ணீர் வரும். ஒரே ஆள் பிடிக்கலாம். வால்வைத் திறந்துவிட்டு இழுத்துக்கொண்டு போய், தீயை நெருங்கியதும் நாசிலைத் திறக்க வேண்டும்.

• எரியும் எண்ணெய்ச் சட்டியிலும், கரன்ட் ஓடும் பொருளிலும் தண்ணீர் அடிக்கவே கூடாது.

• புகை தலைக்கு மேல் இறங்கிவிட்டால் வீரம் வேண்டாம். வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். பூட்ட வேண்டாம். மூடிய கதவு தீயைத் தாமதப்படுத்தும்.

அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்க 7 கேள்விகள்

1. பெட்டி திறக்குமா? பூட்டு இருந்தால் சாவி எங்கே? முன்னால் ஷூ ரேக், சைக்கிள் நிற்கிறதா?

2. ஹோஸ், நாசில், கப்ளிங் எல்லாம் இருக்கிறதா? விலைபோகும் உலோகம் என்பதால் திருட்டு நடக்கும்.

3. ஹோஸை எலி கடித்திருக்கிறதா? பூஞ்சை பிடித்திருக்கிறதா? நனைந்த ஹோஸை நிழலில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும்.

4. மடிப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?

5. பம்ப் 'ஆட்டோ'வில் இருக்கிறதா, 'மேனுவ'லிலா? டீசல் பம்பில் டீசலும் பேட்டரியும் இருக்கிறதா?

6. விபத்து நேரத்தில் செக்யூரிட்டி மெயினை அணைத்தால் ஃபயர் பம்பும் நின்றுவிடுமா? அதற்குத் தனி இணைப்பு இருந்து, பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

7. தீயணைப்பு வண்டி வெளியிலிருந்து தண்ணீர் கொடுக்கும் இன்லெட் எங்கே? அதன் முன்னால் யார் காரை நிறுத்துகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து ஒத்திகை கேளுங்கள். உச்சி மாடி ஹோஸை எடுத்து விரித்து, அவர்கள் முன்னிலையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வராவிட்டால், அன்றைக்கே தெரிந்துபோனது நல்லதுதான். சரிசெய்ய நேரம் இருக்கிறது.