தாலியும் பதிவேடும்

போர்முனையில் நின்ற வீரர் பதிலாள் வழியே மணம் புரிய 1915இல் பிரான்சு சட்டம் இயற்றியது. மணமகன் நேரில் இல்லாவிடினும் பதிவேடு அம்மணத்தை நிலைநிறுத்திற்று.

மலையகத்தின் நிலையோ இதற்கு நேர்மாறு. நுவரெலியா, அட்டன் தோட்டங்களில் மணமக்கள் இருவரும் ஊரறிய நின்று மணம் புரிந்தனர். ஆயினும் பதிவேட்டில் ஏறாத மணங்கள் பல. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவையே சிறந்த சான்றாகக் கொண்டது. எனினும், பதிவின்மை ஒன்றால் வழக்காற்று மணம் செல்லாததாகாது என்பதே இலங்கை நீதிமன்றங்களின் கொள்கை.

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என விதித்தது. எனவே, மணத்தை மெய்ப்பிக்க இயலாதவர் மூன்றாண்டு வாழ்வுக்கு மேலும் சான்று தேட வேண்டியவராயினர். செல்லும் மணம் வேறு. மெய்ப்பிக்கப்பெற்ற மணம் வேறு. அவ்விடைவெளியில் ஊசலாடியது குடியுரிமையன்றோ!