பசி ருசி அறியும்

'பசி ருசி அறியாது' என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பழமொழி. முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்த நானும் அதை ஏறக்குறைய ஒரு விதியாகவே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத் தகர்த்தவன் என் பேரன்.

ஆட்டிசம் உள்ள அவன், ஆறு வயதில் ஐந்தே உணவுகளை உண்டான்: சட்னி படாத இட்லி, வெறும் சோறு, அப்பளம், பால், ஒரே வகை பிஸ்கட். "ஒருவேளை பட்டினி போட்டால் மற்றதையும் தானாகச் சாப்பிடுவான்" என்று என் மகளுக்கு அறிவுரை கூறியவன் நான்தான். அன்று வேறு உணவுகளை மட்டுமே அவன் முன் வைத்தோம். ஒன்றரை நாள் அவன் எதையும் தொடவில்லை; சோர்ந்து சுருண்டு படுத்துவிட்டான். "இது பிடிவாதம் இல்லை ஐயா, இதற்குப் பெயர் இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னபோது தலைகுனிந்தேன்.

அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாவது நோய்க்கணிப்புக் கையேடு, அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக்கியது. சுருக்கமாக 'ஆர்ஃபிட்' எனப்படும் இது, உணவைத் தவிர்க்கும் அல்லது கட்டுப்படுத்தும் கோளாறு. எடை கூடிவிடுமோ என்ற அச்சம் இதில் இல்லை. உணவின் மணம், நிறம், பதம் ஆகியவற்றைத் தாங்க இயலாமை, விக்கிவிடுமோ வாந்தி வருமோ என்ற பயம், உணவில் ஆர்வமின்மை ஆகியவையே காரணங்கள். எடை குறைதல், வளர்ச்சி தடைப்படுதல், சத்துக்குறைபாடு, அன்றாட வாழ்வு பாதிக்கப்படுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் அது வெறும் 'சாப்பாட்டுப் படுத்தல்' அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இப்போது இடம்பெற்றுள்ளது.

நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் இத்தகைய சிக்கல் ஏன் மிகுதி? ஆட்டிசத்தில் புலனுணர்வு மாறுபடுகிறது. நமக்கு மணமாக இருக்கும் தாளிப்பு, அக்குழந்தைக்குத் தாங்கவொண்ணா நெடியாக இருக்கலாம். சாம்பாரில் ஒரு கரண்டிக்கும் மறு கரண்டிக்கும் பதம் மாறும். பிஸ்கட் ஒருபோதும் மாறாது. மாறாததையே அக்குழந்தை நம்புகிறது. சிலருக்குப் பசி என்னும் உடலின் செய்தியே தெளிவாக உணரப்படுவதில்லை. 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிக்கல் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம் என்றும், அவர்கள் உண்ணும் உணவில் கால்சியமும் புரதமும் குறைவு என்றும் கண்டது.

கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் கொண்ட ஏ.டி.எச்.டி. சிறார்களின் சிக்கல் வேறு. பகலில் உண்ண மறந்து, இரவில் கட்டுப்பாடின்றி அள்ளி உண்பது வளரிளம் பருவத்தில் கோளாறாக முற்றக்கூடும். இதற்குத் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட் மருந்தும் பகல்நேரப் பசியை மட்டுப்படுத்தும். மாத்திரைக்கு முன் நல்ல காலை உணவு, மருந்தின் வேகம் தணிந்த பின் நிறைவான இரவு உணவு, உயரத்தையும் எடையையும் அவ்வப்போது பார்ப்பது ஆகியவை இதற்குரிய எளிய வழிகள். பெற்றோர் தாமாகவே மருந்தை நிறுத்துதல் தகாது.

அறிவுத்திறன் குறைபாடுள்ள சிறார் சிலர் மண், சுண்ணாம்புக்கட்டி, காகிதம் போன்றவற்றைத் தின்பதுண்டு. 'பைக்கா' எனப்படும் இதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கலாம் என்பதால், அடிப்பதை விடுத்து இரத்தப் பரிசோதனை செய்வதே முறை.

பெண் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. உடல் இளைப்பதற்காகப் பட்டினி கிடக்கும் 'அனோரெக்ஸியா'வுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று சுவீடன் மருத்துவர் கிறிஸ்டோபர் கில்பர்க் 1983-இலேயே சுட்டிக்காட்டினார். அனோரெக்ஸியாவுக்குச் சிகிச்சை பெறும் பெண்கள் பலரிடம் ஆட்டிசக் கூறுகள் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. படிப்பில் கெட்டிக்காரியாகவும் அமைதியானவளாகவும் இருக்கும் சிறுமியின் ஆட்டிசம், உணவுக் கோளாறு முற்றிய பின்னரே வெளிப்படுவதும் உண்டு.

இந்தியாவின் ஐந்து பகுதிகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, பார்வை, செவிக் குறைபாடுகளையும் சேர்த்து, 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் ஒன்று இருக்கலாம் என்று மதிப்பிட்டது. இது சில குடும்பங்களின் தனித் துயரம் அன்று என்பதற்கு இந்த எண்ணே சான்று.

இங்கேதான் பொருளியல் மாணவனாக எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. நமது உணவுக் கொள்கை முழுவதும் அளிப்பைப் பற்றியது. காமராஜரின் மதிய உணவுத் திட்டம், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு ஆகியவை தமிழகம் பெருமை கொள்ளத்தக்கவை. ஆனால், தட்டில் விழுந்த உணவு வயிற்றில் சேரும் என்ற அனுமானம் அவை அனைத்துக்கும் அடிப்படை. பரிமாறப்பட்ட தட்டுகளை எண்ணுகிறோம். எந்தக் குழந்தை தினமும் தொடாமலே தட்டைக் கழுவி வைக்கிறது என்பதை எண்ணுவதில்லை.

எடை பார்ப்பது மட்டும் போதாது. பிஸ்கட்டும் சிப்ஸும் தின்று சரியான எடையோடு இருக்கும் குழந்தைக்கு, வைட்டமின் சி இன்றி ஈறில் இரத்தம் கசிந்து கால் வலியால் நடக்க முடியாமல் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வைட்டமின் ஏ குறைந்து பார்வை கெட்டதும் உண்டு.

தீர்வுக்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும் என்பது விதி. சத்துக்குறைபாடு, வளர்ச்சித் தாமதம் இரண்டுமே அவர்களின் பட்டியலில் உள்ளன. அவற்றை இணைக்கும் மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும்: குழந்தை எத்தனை வகை உணவு உண்கிறது? முன்பு உண்டவற்றில் எதையேனும் விட்டுவிட்டதா? சாப்பாட்டு வேளை வீட்டில் போராட்டமாக இருக்கிறதா? ஐயம் எழுந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பலாம். அங்கு உணவியல் வல்லுநரும் செயல்வழி சிகிச்சையாளரும் ஒரே மேசையில் அமர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். வாயைத் திறந்து திணிப்பதும், பிடித்த உணவுக்குள் பிடிக்காததை ஒளித்து வைப்பதும் எதிர்விளைவையே தரும். அக்குழந்தை நம்பிய கடைசி உணவும் கைநழுவிப் போகலாம். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்ற பிரசாரத்துக்கு உறுதியான சான்று இல்லை. ஐந்தே உணவு உண்ணும் குழந்தையிடம் அவற்றில் இரண்டைப் பறிப்பது ஆபத்து.

உண்பதிலிருந்து உண்ணாததற்குச் சிறு சிறு படிகளாக நகர்வதே பலன் தரும். இட்லியிலிருந்து சின்ன இட்லி, அதிலிருந்து ஊத்தப்பம், பிறகு தோசை என்று என் மகள் நகர்ந்தாள். ஒவ்வொரு படிக்கும் வாரங்கள் ஆயின. சத்தம் மிகுந்த உணவுக்கூடத்துக்குப் பதிலாக வகுப்பறையிலேயே அவன் உண்ண ஆசிரியை ஒருவர் இடமளித்தார். அதற்கு எந்தச் செலவும் இல்லை.

மூன்று ஆண்டுகளில் ஐந்து உணவுகள் பதினான்கு ஆகியுள்ளன. சாம்பார் அவற்றில் இன்னும் இல்லை. அதை வற்புறுத்த இப்போது நான் முனைவதில்லை. அவன் தட்டைப் பார்த்துக் குறை சொல்லும் உறவினர்களிடம், அந்தப் பழமொழியை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லி வருகிறேன்.