கூடாமற் கூடிய சபை: கொள்ளைநோய்க் காலத்து லுத்தரன் வழிபாடு

ஆலயம் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய கட்டடமா, அன்றி அதனுள் கூடிநிற்கும் மக்களா? சமய அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த இவ்வினாவை, 2020-ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று எளிய மக்களின் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு நிருவாகக் குழுவினர் எம்மைப் பணித்தபோது, பழங்காலச் செய்தி ஒன்றை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். பின்னர், நாமே கண்ணாரக் கண்டு, அதற்குள் மறந்துகொண்டும் வருகின்ற வரலாறு ஒன்றைப் பதிந்து வைத்தலே தக்கதெனத் தோன்றிற்று. நம் சமுதாயத்தாருள் கணிசமானோர் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையிலும் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றனர். அவர்கள் கூடி வழிபட இயலாத நாளில் எவ்வாறு வழிபட்டனர் என்பது எச்சமயத்தைச் சார்ந்த இளைஞரும் அறியத்தக்க செய்தியாகும்.

விட்டன்பர்க் நகரில்

லுத்தரன் சபைக்குக் கொள்ளைநோய் புதியதன்று. 1527-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பிளேக் நோய் புகுந்தது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம் மாறிற்று. மார்ட்டின் லுத்தரையும் வெளியேறுமாறு அரசர் பணித்தார். அவரோ நகரிலேயே தங்கினார். அவர்தம் இல்லம் நோயாளிகளைப் பேணும் விடுதியாக மாறிற்று. அக்காலத்தில் அவருடைய துணைவியார் கத்தரீனா கருவுற்றிருந்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லாவு நகரக் குருவாகிய யோவான் ஹெஸ் என்பார் வினவியதற்கு, அவ்வாண்டிலேயே லுத்தர் ஒரு நீண்ட மடல் எழுதி அச்சிட்டார். அதன் சாரம் இரண்டு கூறுகளாக அமையும். ஒன்று, மருந்துண்ணாமலும் காவல் செய்துகொள்ளாமலும் துணிந்து திரிவது விசுவாசமன்று, கடவுளைச் சோதிப்பதாகும். தேவையற்ற இடத்திற்குச் சென்று பிறர்க்கு நோய் பரவக் காரணமாதல் தகாது. மற்றொன்று, தன்னை நம்பியிருப்பவரையும் துணையற்ற அயலாரையும் கைவிட்டு ஓடுதலும் தகாது. விலகி நில், ஆனால் கைவிடாதே! ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 2020-இல் இம்மடலை உலகெங்குமுள்ள லுத்தரன் சபையார் மீண்டும் எடுத்துப் படித்தனர்.

1918-இல் இன்புளுயன்சாக் காய்ச்சல் பரவியபோதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஆலயங்கள் மூடப்பட்டன. வானொலி ஒலிபரப்பும் தொடங்காத காலம் அது. செய்தித்தாளில் வெளிவந்த அருளுரையை வீட்டிலிருந்து படித்தலே அன்றைய வழியாயிற்று. இந்திய நாட்டில் அந்நோய்க்கு இரையானோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அதன் சுவடு மறையுமுன், 1919 ஜனவரி 14-இல், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தோன்றியது.

தரங்கம்பாடியில்

தமிழகத்து லுத்தரன் வரலாறு 1706 ஜூலை 9-இல் சீகன்பால்கும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியதிலிருந்து தொடங்குகிறது. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிற்று. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது.

அச்சேறிய அந்நூல், போதகர் செல்லாத இடத்திற்கும் சென்றது. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பார் நம் முன்னோருள் ஒருவர், பறையர் குலத்தினர். அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷம் அவர் கைக்கு எட்டியது. அதனைப் படித்தே அவர் தரங்கம்பாடிச் சபையை நாடி வந்தார். பின்னர் உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் பல ஊர்களில் சபைகளை வளர்த்தார். அச்சு இயந்திரம் அன்று செய்த பணியையே கைப்பேசி 2020-இல் செய்தது எனின் மிகையாகாது. நேரில் வாராதவர்க்கும் வசனத்தைக் கொண்டுசெல்லும் கருவி சபைக்குப் புதியதன்று.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1733-இல் வேளாளராகிய ஆரோன் குருப்பட்டம் பெற்றார். அடுத்து 1741-இல் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தபோது, தகுதியும் தொண்டும் நிறைந்த இராஜநாயக்கன் தெரிந்துகொள்ளப்படவில்லை. தியோகு என்பாரே குருவானார். பறையர் ஒருவர் கையால் இராப்போஜனம் பெற உயர்குலத்தார் எனப்பட்டோர் இசையார் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆலயத்தினுள்ளும் அவர்கள் ஒரு பகுதியில் அமர்ந்தனர். நம் முன்னோர் வேறு பகுதியில் அமர்ந்தனர். கிண்ணத்தை யார் முதலில் பருகுவது என்பதும் வழக்காயிற்று. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது, அதற்கு இணங்காத சிலர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சார்ந்தனர். அம்மிஷன் சாதியைச் சமுதாய வழக்கமெனக் கருதிப் பொறுத்துக்கொண்டது.

ஒரே கூரையின்கீழ், ஒரே ஞானப்பாட்டைப் பாடியும், அக்கூட்டம் ஒன்றாயிருந்ததா? இவ்வினாவை மனத்திற்கொண்டு பெருந்தொற்றுக் காலத்திற்கு வருவோம்.

2020-ஆம் ஆண்டில்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை; நாடெங்கும் மக்கள் ஊரடங்கு. மார்ச் 25 முதல் முழு ஊரடங்கு. அவ்வாண்டு ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. 10 பெரிய வெள்ளி. 12 உயிர்த்தெழுந்த திருநாள். கிறிஸ்தவ ஆண்டின் தலையாய வாரம் முழுவதும் ஆலயக் கதவுகள் அடைத்தே கிடந்தன. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நிலை பெரும்பாலும் இவ்வாறே இருந்தது. அந்நாளில் உலக லுத்தரன் கூட்டமைப்பைச் சார்ந்த மக்கள் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே பருவத்தில் தத்தம் ஆலயத்திற்கு வெளியே நின்றனர்.

யாம் பணியாற்றும் சிற்றூரிலும் லுத்தரன் சபையொன்று உண்டு. எம் பள்ளி மாணாக்கர் பலர் அச்சபைக் குடும்பத்தினர். குருத்தோலை ஞாயிறன்று குருவானவரும் உபதேசியாரும் மட்டுமே ஆலயத்தினுள் இருந்தனர். முக்காலியின்மேல் ஞானப்பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, வெறும் பெஞ்சுகளை நோக்கி ஆராதனை நடத்தினர். ஆலயத்தினுள் இணையத் தொடர்பு சரிவரக் கிட்டாமையால், பதிவு செய்ததை வெளியே வந்து வாட்ஸ்அப் வழியே அனுப்பினர். வசதியுள்ள நகரத்துச் சபைகள் யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பின.

சபைத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய கைப்பேசி இல்லை. இருந்த கைப்பேசியை நடுவிலிருந்த வீட்டுத் திண்ணையில் வைத்து, ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்தனர். அவரவர் தத்தம் வாசற்படியில் அமர்ந்து கேட்டனர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அன்றைய வேதபாடத்தையும் அருளுரையின் கருத்தையும் தாளில் எழுதிக்கொண்டாள். தெருக்கோடியில் தனித்திருந்த மூதாட்டியர் இருவர்க்கு அதனை வாசலுக்கு வெளியே நின்று உரக்கப் படித்துக் காட்டினாள். ஞாயிறுதோறும் அவள் இதனைச் செய்தாள். இராஜநாயக்கன் செய்த உபதேசியார் பணியை இச்சிறுமி தொடர்ந்தாள் என்றே யாம் கருதுகிறோம். ஆனால், திங்கட்கிழமை முதல் அவளுடைய பாடங்களுக்கு அக்கைப்பேசி கிட்டவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

வசனத்தை அனுப்பலாம், இராப்போஜனத்தை அனுப்ப இயலுமா? வசனம் தூயதாகப் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படும் கூட்டமே சபை என்று 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை கூறுகிறது. ஆதலின் இவ்வினா லுத்தரன் சபையாரைப் பெரிதும் வாட்டிற்று. அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் சபைத் தலைமை, திரைவழி இராப்போஜனத்தைத் தவிர்த்துக் காத்திருக்குமாறு 2020 மார்ச்சில் அறிவுறுத்தியது. வீட்டிலிருந்த அப்பத்தையும் இரசத்தையும் கொண்டு திரையின் முன் பங்குபெற்றோரும் உண்டு. பசித்துக் காத்திருத்தலும் ஒரு வழிபாடே என்றனர் ஒரு சாரார். பசித்தவனைக் காக்கவைப்பது தகுமா என்றனர் மற்றொரு சாரார்.

பாடுதலும் இடராயிற்று. 2020 மார்ச் 10-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாடகர் குழுவொன்றின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். சேர்ந்து பாடும்போது மூச்சின்வழி நோய் பரவும் என்பது இதனால் தெளிவாயிற்று. சபையே சேர்ந்து பாடுதலைத் தன் அடையாளமாகக் கொண்ட லுத்தரன் சபை, திறந்த ஆலயத்திலும் வாய்மூடி இருக்க நேர்ந்தது. இறுதிச் சடங்கிலோ இருபது பேருக்குமேல் கூடலாகாது. சவப்பெட்டியைத் தூக்கவும் சுற்றத்தார் வராத கல்லறைத் தோட்டத்தை யாம் கண்டோம்.

இடைவெளி என்னும் சொல்

தமிழகத்தில் 2020 செப்டம்பர் 1-இல் வழிபாட்டிடங்கள் திறக்கப்பட்டன. 2021 ஏப்ரல் 26-இல் மீண்டும் மூடப்பட்டு, ஜூலையில் திறக்கப்பட்டன. முதன்முறை திறந்த பின்னர் யாம் அவ்வாலயத்திற்குச் சென்றோம். தரையில் வட்டங்களும் பெஞ்சுகளில் பெருக்கற் குறிகளும் இடப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ட சபை மூப்பர் ஒருவர், “ஐயா, இதில் நமக்கு எந்தப் பக்கம்?” என்று எம்மிடம் நகைத்தவாறே கேட்டார். அவர் முகம் நகைத்தது, கண் நகைக்கவில்லை. இராப்போஜனத்தில் ஆளுக்கொரு சிறு கிண்ணம் வழங்கியபோது, “யார் முதலில் குடிப்பது என்ற பழைய வழக்கு இன்றோடு தீர்ந்தது” என்றார்.

தீர்ந்ததா? அச்சத்தால் தீர்ந்த வழக்கு அன்பால் தீர்ந்ததாகாது.

தொடக்கத்தில் ‘சமூக இடைவெளி’ என்ற சொல் எங்கும் ஒலித்தது. தலைமுறை தலைமுறையாகச் சமூக இடைவெளியைத் தண்டனையாகப் பெற்ற நமக்கு அச்சொல் முள்ளாய்த் தைத்தது. உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் ‘உடல் இடைவெளி’ என்ற சொல்லை மேற்கொண்டது; தமிழிலும் ‘தனிமனித இடைவெளி’ என்ற வழக்கு ஏற்பட்டது. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நோய்க்காக விலகுபவன் அயலான் உயிரைக் காக்க விலகுகிறான். நோய் நீங்கினால் அருகில் வருவான். சாதிக்காக விலகுபவன் அயலானின் மதிப்பைக் குலைக்க விலகுகிறான். எந்நாளும் அருகில் வாரான். அளவு ஒரே முழமாயினும் இரண்டும் ஒன்றல்ல.

எனவே, 2020-இல் தத்தம் வாசற்படியில் தனித்தனியே அமர்ந்து, தெருக்கோடி மூதாட்டியரையும் நினைந்த அச்சபை கூடிய சபையே. தோளோடு தோள் நெருங்கியும் இராஜநாயக்கன் கையை ஏற்க மறுத்த பழைய சபை கூடியும் கூடாத சபையே. இதுவே வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை.

நாம் கற்க வேண்டுவது

அன்பார்ந்த இளைஞர்களே! யாம் முப்பதாண்டுக் காலமாக நாள்தோறும் வருகைப் பதிவேட்டைக் கையாண்டு வருகிறோம். அதில் வந்தவர் பெயரைவிட வாராதவர் பெயரே ஆசிரியர்க்கு வேலை தருவது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டுக் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பாடங்கள் நடந்தபோது, கருவி இல்லாத பிள்ளையின் பெயர் எப்பதிவேட்டிலும் ஏறவில்லை. பள்ளி மீண்டும் திறந்த நாளில் சில இடங்கள் வெறுமையாயிருந்தன. வேலைக்குச் சென்ற மாணவரையும் மணம் முடிக்கப்பட்ட மாணவியரையும் வீடு வீடாகத் தேடிச் சென்றோம். சிலரை மீட்டோம், சிலரை இழந்தோம். தேடுதலைத் திறந்த பின்னரே தொடங்கினோம்; மூடிய அன்றே தொடங்கியிருக்க வேண்டும். அக்குறை எம்முடையதே.

அச்சிறுமிக்கு யாரும் கட்டளையிடவில்லை, பதவியும் தரவில்லை. வாராதவர் யார் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். தாளும் எழுதுகோலும் எடுத்துச் சென்றாள். நம் சங்கமும் இனிவரும் ஆண்டுகளில் தெருவுக்கு ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கி, படிப்பை விட்ட பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் திங்கள்தோறும் கூட்டத்தில் படிக்கச் செய்தல் வேண்டும். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வரலாம். கதவுகள் மீண்டும் அடைபடலாம். அன்று நம் தெருவில் எந்த வாசலும் குரல் கேளாமல் இருத்தலாகாது. அதற்கான பதிவேட்டை இன்றே திறப்போமாக!