நடுகல்லும் அழுகையும்

தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் சிக்கனமானவை. 6ஆம் நூற்றாண்டு முதலான வட்டெழுத்துக் கற்களில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு, செத்தவன் பெயர், யாருடைய சேவகன், எந்தத் தொறுப்பூசலில் விழுந்தான் என்ற விவரம், கடைசியில் ‘பட்டான்’ என்ற வினைச்சொல். அவ்வளவுதான். குடும்பம் சில கற்களில் தலைகாட்டும், மானிய நிலம் பெற்றதாக. அழுததாக அல்ல.

அழுகைக்கு வேறு இடம் இருந்தது. கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டு, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படைக்கிறபோது துக்கம் கைகால்களுக்கு வேலையாகிறது. ஊர் அதைப் பங்கிட்டுக்கொள்கிறது. ஆனால் எந்தச் சடங்கிலும் ஓர் அபாயம் உண்டு. முடித்தாயிற்று, இனிப் பேச ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடலாம்.

எழுந்து போக மறுத்தவள் ஔவை. தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவள் பாடியது புறநானூறு 232. நடுகல்லுக்குப் பீலி சூட்டியாயிற்று, சிறு கலத்தில் கள்ளும் வார்க்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்கிறாள். சடங்கை அவள் பழிக்கவில்லை. அது போதும் என்று பாவனை செய்ய முடியவில்லை அவளுக்கு. 235இல் அவன் கள்ளையும் சோற்றையும் பகிர்ந்த விதத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள். துக்கத்தை அடக்கவுமில்லை, அதில் மூழ்கிவிடவுமில்லை. எதிரே வைத்துப் பார்க்கிறாள்.

நம் மேடைகளுக்கு இந்த ஔவை தேவைப்படவில்லை. களத்தில் மகன் செத்ததற்கு மகிழ்ந்த தாய்தான் தேவைப்பட்டாள். ‘வீரம்’ என்ற சொல், சாவைப் பார்க்காமலிருக்க நமக்குக் கிடைத்த சௌகரியம். இழவு வீட்டில் ‘ஆம்பளை அழலாமா’ என்று தோளைத் தட்டுகிறவன் வேறெங்கிருந்தும் வரவில்லை. நாமும் தப்பிவிடவில்லை. துக்கம் கிட்டே வரும்போது படிமம் தேடி ஓடுகிற கவிதைகள் நம்மிடம் நிறைய.

1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயருள்ள கல்வெட்டு கிடைத்தது. அது ஒரு கொடையைச் சொல்வது. அவனுடைய நடுகல் கிடைக்கவில்லை. கிடைத்தால் அதில் அவன் பெயர் இருக்கலாம். ஔவை கேட்டது இருக்காது.