விருது பெற்றும் விடைபெற்ற பயிற்சியாளர்: டுவேன் கேசியின் நீக்கம் எழுப்பும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்சியாளராக ஏழு ஆண்டுகள் பணியாற்றிய டுவேன் கேசி, 2018 ஆம் ஆண்டு மே 11 ஆம் தேதி அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான், என்.பி.ஏ. எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரின் பயிற்சியாளர்கள் தமக்குள் வாக்களித்து, அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர். பதவியிழந்து ஆறு வாரங்கள் கழித்து, ஊடகவியலாளர்கள் வாக்களித்து வழங்கும் 'ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்' விருதும் அவருக்கே கிடைத்தது. ஜூன் 25 ஆம் தேதி அந்த விருதைப் பெற்றுக்கொண்டபோது, அவர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்ற வேறோர் அணியின் பயிற்சியாளராகியிருந்தார்.

ஓர் அணி தனது வரலாற்றிலேயே மிக அதிக வெற்றிகளைப் பெற்ற பருவத்தின் முடிவில், அந்த வெற்றிகளுக்கு வழிகாட்டியவரை ஏன் நீக்கியது? அடுத்த ஆண்டே அந்த அணி முதன்முறையாக வாகை சூடியதால், கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதானதல்ல என்பது புலப்படும்.

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழர்கள் பலருக்கு இது தொலைவிலிருந்து பார்த்த விளையாட்டுச் செய்தி அல்ல. ராப்டர்ஸ் அணி 1995 இல் களமிறங்கியபோது, இலங்கையின் போரிலிருந்து தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஸ்கார்பரோவில் வேரூன்றிக் கொண்டிருந்தன. பின்னர் அவர்களில் பலர் மார்க்கம், அஜக்ஸ் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பெற்றோர் கிரிக்கெட்டோடும் கரப்பந்தாட்டத்தோடும் வளர்ந்தவர்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கோ பள்ளி முற்றத்தில் அறிமுகமானது கூடைப்பந்தாட்டம். அஜக்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால், அணியின் அரங்கை ஒட்டியுள்ள யூனியன் நிலையத்தில் நேரே சென்று இறங்கலாம்.

அடிமட்டத்திலிருந்து முதலிடம் வரை

கேசி 2011 ஜூனில் பொறுப்பேற்றார். அதற்கு முந்தைய பருவத்தில் ராப்டர்ஸ் 82 ஆட்டங்களில் 22 இல் மட்டுமே வென்றிருந்தது. அதே ஆண்டு வாகை சூடிய டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்த கேசி, தற்காப்பு ஆட்டத்தைச் செம்மைப்படுத்துவதில் பெயர் பெற்றவர்.

2013 இல் நைஜீரியாவில் வளர்ந்தவரான மசாய் உஜிரி அணியின் பொது மேலாளராக வந்தார். புதிய நிர்வாகிகள் தமது பயிற்சியாளரைத் தாமே நியமிக்க விரும்புவது வழக்கம் என்றாலும், உஜிரி கேசியைத் தொடர அனுமதித்தார். 2014 முதல் ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் ராப்டர்ஸ் 'பிளே ஆஃப்' எனப்படும் வெளியேற்றச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. 2017-18 பருவத்தில் 59 வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கில் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. அணியின் வரலாற்றில் ஒரு பருவத்தில் பெற்ற மிக அதிக வெற்றிகள் இவை.

கிளீவ்லாந்து என்ற தடை

கேசியின் பதவிக்கு முடிவு கட்டியது லெப்ரான் ஜேம்ஸ் தலைமையிலான கிளீவ்லாந்து கவலியர்ஸ் அணிதான். 2016 இல் கிழக்குப் பிரிவு இறுதியில் 4-2 என்ற கணக்கில் அந்த அணியிடம் ராப்டர்ஸ் தோற்றது. 2017 இல் 4-0. 2018 இலும் 4-0. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து, இறுதியாக நடந்த பத்து பிளே ஆஃப் ஆட்டங்களிலும் தொடர்ச்சியாகத் தோல்வி.

2018 தொடரின் முதல் ஆட்டத்தில், சொந்த அரங்கில், வழமையான நேரம் முடியும் தறுவாயில் வளையத்தின் அருகிலிருந்து மேற்கொண்ட அடுத்தடுத்த முயற்சிகள் பலனளிக்காமல், கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளியால் தோற்றனர். மூன்றாவது ஆட்டத்தில் கடைசி நொடியில் ஜேம்ஸ் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. நான்காவது ஆட்டத்தில் 128-93 என்ற படுதோல்வி. நான்கு நாட்களின் பின்னர் கேசி நீக்கப்பட்டார். இது கடினமான, ஆனால் அவசியமான முடிவு என்றும், அணி அடுத்த படிக்குச் செல்ல வேண்டியுள்ளது என்றும் உஜிரி விளக்கமளித்தார்.

கேசியின் விமர்சகர்களது வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 82 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் வெல்வது ஒரு திறமை. ஒரே எதிரணியை அடுத்தடுத்துச் சந்திக்கும் தொடரில், ஆட்டத்துக்கு ஆட்டம் வியூகத்தை மாற்றுவது வேறொரு திறமை. மூன்று ஆண்டுகள் ஒரே அணியிடம் தோற்ற பின்னர், நான்காவது முறை மட்டும் வேறு முடிவு கிடைக்கும் என எதிர்பார்க்க முடியுமா என்று அவர்கள் கேட்டனர். எதிர்த்தரப்பினரோ, ஜேம்ஸ் அந்த ஆண்டுகளில் கிழக்குப் பிரிவின் எல்லா அணிகளையும் தோற்கடித்தார் என்பதைச் சுட்டிக்காட்டினர். அவர் 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றில் ஆடியவர்.

ஏன் முதலில் பயிற்சியாளர்?

இந்த விவாதத்தில் பெரும்பாலும் பேசப்படாதது, அதிகாரமும் பணமும் பங்கிடப்பட்டுள்ள முறை. என்.பி.ஏ. அணிகள் வீரர்களுக்கு வழங்கும் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2017-18 இல் அது சுமார் 9 கோடியே 90 லட்சம் அமெரிக்க டாலர். ராப்டர்ஸ் அணியோ டெமார் டெரோசனுடன் 2016 இல் ஐந்து ஆண்டுகளுக்கு 13 கோடியே 90 லட்சம் டாலருக்கும், கைல் லவுரியுடன் 2017 இல் மூன்று ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கும் ஒப்பந்தம் செய்திருந்தது. இத்தகைய வீரர்களை மாற்ற வேண்டுமானால், ஏறக்குறைய அதே சம்பளம் பெறும் வீரர்களைத் தர முன்வரும் மற்றோர் அணியைத் தேட வேண்டும்.

பயிற்சியாளரின் சம்பளம் இந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. அவரை நீக்க வேறெந்த அணியின் சம்மதமும் தேவையில்லை. எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்குரிய பணத்தைக் கொடுத்தால் போதும். கேசிக்கு இன்னும் ஒரு பருவம் எஞ்சியிருந்தது. வீரர்களுக்குக் கூட்டுப் பேரம் பேசும் வலுவான தொழிற்சங்கம் இருக்கிறது. பயிற்சியாளர்களுக்குச் சங்கம் உண்டு, கூட்டுப் பேர ஒப்பந்தம் கிடையாது. ஆகவே ஓர் அணி தோற்கும்போது, ஒரே இரவில் மாற்றக்கூடிய முக்கியப் பொறுப்பு பயிற்சியாளருடையதாகவே இருக்கிறது. தோல்விக்கு அவர் எவ்வளவு காரணம் என்பது இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது.

ராப்டர்ஸ் அணியின் வரலாறும் இதையே காட்டுகிறது. முதல் பயிற்சியாளர் பிரெண்டன் மலோன், இளம் வீரர்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதில் நிர்வாகத்துடன் முரண்பட்டு, 1996 இல் ஒரே பருவத்துடன் வெளியேறினார். அணியை முதன்முதலாக பிளே ஆஃப் சுற்றுக்குக் கொண்டு சென்ற புட்ச் கார்ட்டர், முன்னாள் ராப்டர்ஸ் வீரர் மார்கஸ் கேம்பி மீது அவதூறு வழக்குத் தொடுத்துச் சர்ச்சையில் சிக்கி, 2000 ஜூனில் நீக்கப்பட்டார். 2007 இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்ற சாம் மிட்செல், 2008 டிசம்பரில், டென்வர் அணியிடம் 39 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற மறுநாள் பதவி இழந்தார்.

கிரிக்கெட்டில் வேறு கதை

தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான கிரிக்கெட்டுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இந்திய அணியின் பயிற்சியாளர் அனில் கும்ப்ளே 2017 ஜூனில், சாம்பியன்ஸ் கிண்ண இறுதியில் பாகிஸ்தானிடம் தோற்ற இரண்டு நாட்களில் பதவி விலகினார். தமது அணுகுமுறை குறித்து அணித்தலைவர் விராட் கோலிக்கு மாற்றுக் கருத்து இருப்பதாகத் தமக்குத் தெரிவிக்கப்பட்டது என்று அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். சச்சின் டெண்டுல்கர் உள்ளிட்ட மூவர் கொண்ட ஆலோசனைக் குழு அவர் தொடர்வதை ஆதரித்திருந்தும், அணித்தலைவரின் குரலே வென்றது.

கிரிக்கெட்டில் களத்தில் முடிவெடுப்பவர் அணித்தலைவர். கூடைப்பந்தாட்டத்தில் யார் ஆடுவது, எப்போது ஆட்டத்தை இடைநிறுத்துவது, யாரை மாற்றுவது என அனைத்தையும் பயிற்சியாளரே தீர்மானிக்கிறார். எனவே பழியும் அவரிடமே வந்து சேர்கிறது. ஆனால் எந்த வீரர்களை வாங்குவது என்ற முடிவு, பெரும்பாலான அணிகளில், அவர் கையில் இல்லை.

வாகை எதை நிரூபித்தது?

2018 ஜூன் 14 ஆம் தேதி கேசியின் துணைப் பயிற்சியாளர் நிக் நர்ஸ் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டார். ஜூலை முதல் வாரத்தில் லெப்ரான் ஜேம்ஸ் கிழக்குப் பிரிவை விட்டு லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குச் சென்றார். ஜூலை 18 ஆம் தேதி டெரோசனை சான் அன்டோனியோ அணிக்குக் கொடுத்துவிட்டு, கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் ராப்டர்ஸ் பெற்றது. தாம் மாற்றப்படப் போவதில்லை என்ற உணர்வே தமக்குத் தரப்பட்டிருந்ததாக டெரோசன் வேதனை வெளியிட்டார். 2019 பெப்ரவரியில் மார்க் கசோலும் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஜூன் 13 ஆம் தேதி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை 4-2 என வென்று, கனடாவிலிருந்து என்.பி.ஏ. பட்டம் வென்ற முதல் அணியானது ராப்டர்ஸ்.

ஆக, ஓராண்டுக்குள் பயிற்சியாளர் மாறினார், நட்சத்திர வீரர் மாறினார், மிகப் பெரிய எதிரியும் வழியிலிருந்து விலகினார். மூன்றும் ஒரே நேரத்தில் மாறியிருக்க, வெற்றிக்குப் பயிற்சியாளர் மாற்றமே காரணம் என்று பிரித்தெடுத்துச் சொல்வது இயலாத காரியம். லெனார்ட் கேசியிடம் ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவராலும் சோதித்துப் பார்க்க முடியாது. நர்ஸ் தமது துணிச்சலான வியூகங்களால் அந்த வெற்றியில் பங்களித்தார் என்பதும் உண்மை. ஆனால் வெற்றி ஒரு முடிவை வசதியாக்குமே தவிர, அம்முடிவு எடுக்கப்பட்ட விதத்தை நியாயமாக்குவதில்லை.

இதற்கான மிக வலுவான சான்று, நர்சுக்கே பின்னர் நேர்ந்தது. 2020 இல் அவரும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். 2022-23 இல் அணி 41 வெற்றி, 41 தோல்வியுடன் நின்றது. பருவம் முடிவதற்குள், 2023 மார்ச் இறுதியில், தமது எதிர்காலம் குறித்துப் பருவத்தின் முடிவில் சிந்திக்கப் போவதாக அவர் செய்தியாளர்களிடம் கூறியது சலசலப்பை ஏற்படுத்தியது. ஏப்ரல் 12 ஆம் தேதி சிகாகோ அணியிடம் சொந்த அரங்கில் தோற்றதுடன் வாய்ப்பு முடிந்தது. 21 ஆம் தேதி நர்ஸ் நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் அணி ஆடிய விதம் தமக்கு உவப்பாக இருக்கவில்லை என்று உஜிரி தெரிவித்தார். இவ்வாறு, ராப்டர்ஸ் அணியில் அந்த விருதைப் பெற்ற மிட்செல், கேசி, நர்ஸ் ஆகிய மூவரும் அதே அணியால் நீக்கப்பட்டவர்களாயினர். இறுதியில் உஜிரியும் 2025 ஜூனில் அணியை விட்டு விலக நேர்ந்தது.

இது ரொறன்ரோவுக்கு மட்டும் உரியதுமல்ல. முதல் பயிற்சியாளர் பிரெண்டன் மலோனின் மகன் மைக்கேல் மலோன், டென்வர் அணிக்கு 2023 இல் அதன் முதல் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். 2025 ஏப்ரலில், வழமையான பருவத்தில் மூன்று ஆட்டங்களே எஞ்சியிருந்த நிலையில், அவரும் நீக்கப்பட்டார்.

நீக்கமும் குற்றச்சாட்டும்

அஜக்ஸ் போன்ற ஒரு நகரில் இந்த விவகாரம் வேறொரு கோணத்திலும் பார்க்கப்பட வேண்டியது. 2018 நவம்பரில், அண்டை நகரான ஒஷாவாவிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வாகன உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அங்கு பணியாற்றியவர்கள் தவறு செய்ததாக எவரும் கூறவில்லை. உற்பத்தி 2019 டிசம்பரில் நின்றது. 2021 இறுதியில் மீண்டும் தொடங்கியது.

ஒன்ராறியோ மாகாணச் சட்டமும் 'காரணத்துடன்' நீக்குவதையும் 'காரணமின்றி' நீக்குவதையும் வேறுபடுத்துகிறது. தொழிலாளி குற்றமேதும் செய்யாதபோதும் பணி முடிவுறுத்தப்படலாம். ஆனால் முன்னறிவித்தல் அல்லது அதற்கீடான ஊதியம் வழங்கப்பட வேண்டும். தனிநபர் பணிநீக்கத்தில், மாகாணச் சட்டத்தின்படி இது சேவைக்காலத்துக்கு ஏற்ப எட்டு வாரங்கள் வரை செல்லும். ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவர்களுக்கு, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து, பிரிவுக் கொடுப்பனவும் உண்டு. இவை அடிப்படை உரிமைகள் மட்டுமே. நீதிமன்றங்கள் இதைவிடக் கூடுதலாக வழங்கிய சந்தர்ப்பங்கள் பல.

பல லட்சம் டாலர் சம்பளம் பெறும் பயிற்சியாளரையும் ஆலைத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. வேலை போய்விட்டது என்றாலே ஏதோ தவறு செய்திருப்பார் என்று எண்ணும் வழக்கம் நமது சமூகத்தில் இன்னும் இருக்கிறது. வேலை இழந்ததை உறவினரிடம் மறைப்பவர்களும், தமக்குச் சட்டப்படி சேர வேண்டியதைக் கேட்கவே தயங்குபவர்களும் உள்ளனர். ஒருவரது பதவி பறிபோவது அவரது தகுதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பல வேளைகளில், அவரை மாற்றுவதுதான் எளிது என்பதன் விளைவே அது.

கேசி தமது நீக்கத்தை எதிர்த்துப் பெரிய அளவில் குரல் எழுப்பவில்லை. ரொறன்ரோ நாளிதழ் ஒன்றில் நகர மக்களுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் வெளியிட்டார். 2018 நவம்பர் 14 ஆம் தேதி டெட்ராய்ட் அணியுடன் அவர் திரும்பி வந்தபோது ரசிகர்கள் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர். அன்று அவரது அணி 106-104 என்ற கணக்கில் ராப்டர்ஸ் அணியைத் தோற்கடித்தது. அந்தப் பருவத்தில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டங்களிலும் டெட்ராய்ட்டே வென்றது. பட்டமோ ரொறன்ரோவுக்குச் சென்றது. நிர்வாகத்தின் முடிவு சரியா தவறா என்ற வாதத்தில், இரு தரப்பினரும் இன்றும் தத்தமக்குச் சாதகமான கணக்கையே எடுத்துக் காட்டுகின்றனர்.