டயல்அப் இணையம் விடைபெற்றது: பழைய மின்னஞ்சல் பெட்டிகளில் கிடப்பவற்றை எடுத்துவைப்போம்

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தனது டயல்அப் இணையச் சேவையை 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் நிறுத்தியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சேவை அது. 2002ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்கள் அந்த நிறுவனத்திடம் இருந்தார்கள். 2021இல் வெளியான தகவலின்படி, டயல்அப் இணைப்பை வைத்திருந்தவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே.

களுவாஞ்சிக்குடியில் இருப்பவருக்கு இது தூரத்துச் செய்தி. ஆனால் எங்கள் குடும்பங்களின் கடிதங்களும் படங்களும் இப்படியான பழைய சேவைகள் வழியாகத்தான் ஒருகாலத்தில் வெளிநாடு போய்ச் சேர்ந்தன. அவற்றில் பல இன்றும் அங்குள்ள உறவினர்களின் கைவிடப்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒரு சேவை மூடப்படும்போது அதற்குள் இருப்பவை என்னவாகின்றன என்பதை நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டயல்அப் என்றால் என்ன?

வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடம் என்ற கருவியைப் பூட்டி, இணைய நிறுவனத்தின் இலக்கத்துக்கு அழைப்பு எடுப்பதே டயல்அப். கணினியின் தரவை மோடம் ஒலியாக மாற்றி அனுப்பும். மறுமுனையில் இருக்கும் மோடம் அதை மீண்டும் தரவாக்கும். இணைப்பு ஏற்படும்போது கேட்கும் கீச்சொலி, இரண்டு மோடம்களும் ஒன்றையொன்று இனங்காணும் ஒலி. இணையத்தில் இருக்கும்வரை அந்தத் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது. இருக்கும் நேரத்துக்கு ஏற்பக் கட்டணமும் ஏறும்.

அதன் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட், அதாவது ஏறக்குறைய 7 கிலோபைட். இன்றைய கைத்தொலைபேசியில் எடுத்த 3 மெகாபைட் படமொன்றை அந்த வேகத்தில் இறக்க ஏழு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதனால்தான் அக்காலத்தில் அனுப்பிய படங்கள் முத்திரை அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன.

போரும் இணையமும் ஒரே காலத்தில்

இலங்கையின் முதல் வர்த்தக இணைய நிறுவனமான லங்கா இன்டர்நெட் 1995 ஏப்ரலில் சேவையைத் தொடங்கியது. அதே மாதம்தான் பேச்சுவார்த்தை முறிந்து மூன்றாம் கட்ட ஈழப்போர் வெடித்தது. டயல்அப் இணையத்துக்குத் தொலைபேசிக் கம்பியும் மின்சாரமும் வேண்டும். போருக்குள் இருந்த கிராமங்களில் இரண்டுமே அரிது. குறிப்பாக 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி இருந்த படுவான்கரையில், வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்பது நினைத்தும் பார்க்க முடியாத விடயம். வெளிநாட்டில் உள்ள பிள்ளையோடு கதைக்கப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்தோ எழுவான்கரைக்கு வரவேண்டும். பிரதான வீதியோரக் கொமினிகேசன் கடைதான் எல்லோருக்கும் பொதுவான தொலைபேசி. பிறகு அப்படியான கடைகளில்தான் கணினியும் வந்தது. கடைக்காரரிடம் சொல்லிக் கடிதம் தட்டச்சு செய்வித்து, படத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பினார்கள்.

அந்தப் படங்களின் மூலப் பிரதிகள் பல இன்று இல்லை. இடப்பெயர்வில் சில தொலைந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையோரத்தில் வீடுகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதியோ, பாடசாலைச் சீருடையில் எடுத்த படமோ, தாயிடம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அது லண்டனிலோ சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ உள்ள மாமாவின் பழைய மின்னஞ்சலில் ஓர் இணைப்பாகக் கிடக்கலாம். உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிரதியாகவே இருக்கவும் கூடும்.

சேவைகள் மூடப்படும் விதம்

ஏஓஎல் 2025 ஓகஸ்டில் அறிவித்து, இரண்டு மாதம் முடியுமுன் டயல்அப் சேவையை நிறுத்தியது. நிறுத்தப்பட்டது இணைப்பு மட்டுமே. ஏஓஎல் மின்னஞ்சல் தொடர்கிறது. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை.

இலவச இணையப் பக்கங்களை வழங்கிய ஜியோசிட்டீஸ் சேவையை மூடப்போவதாக யாகூ நிறுவனம் 2009 ஏப்ரலில் அறிவித்து, அந்த ஆண்டு ஒக்டோபர் 26இல் மூடியது. யாகூ மெசெஞ்சர் 2018 ஜூலை 17இல் நின்றது. புலம்பெயர்ந்த வீடுகளையும் ஊரையும் பல ஆண்டுகள் இணைத்த ஸ்கைப், 2025 பெப்ரவரி இறுதியில் அறிவித்தல் கொடுத்து மே 5இல் மூடப்பட்டது. அவகாசம் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள்தான்.

அறிவித்தலே இல்லாமல் அழிவதுபோலத் தோன்றும் இன்னொரு வகையும் உண்டு. யாகூ மின்னஞ்சல் பெட்டியை 12 மாதம் திறக்காவிட்டால் அதில் உள்ளவை நீக்கப்படலாம். இரண்டு ஆண்டுகள் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. எச்சரிக்கை பெரும்பாலும் அந்தக் கணக்குக்கே போகும். கணக்குக்காரர் இறந்திருந்தால், அல்லது கடவுச்சொல்லை மறந்திருந்தால், அதைப் பார்ப்பதற்கு யாரும் இல்லை.

‘பாவிப்போர் குறைவு’

நிறுவனங்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இதுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கருவிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, பாதுகாப்பும் பலவீனம். ஆனால் எண்ணிக்கை முழுக் கதையையும் சொல்லாது. அமெரிக்காவில் 2023இல் சுமார் 1 இலட்சத்து 63 ஆயிரம் வீடுகள் டயல்அப் இணைப்பை மட்டுமே நம்பியிருந்ததாக அந்நாட்டுக் குடிசன மதிப்பீடு காட்டியது. ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்குத்தான். ஆனால் அந்த வீடுகளுக்கு அதுவே முழு இணையம்.

இலங்கையிலும் செப்புக் கம்பி இணைப்புகள் ஒளியிழைக்கு மாறி வருகின்றன. இது நல்ல மாற்றம். அதே நேரம், எந்தச் சேவை நிறுத்தப்பட்டாலும் அந்த அறிவித்தல் பாவனையாளருக்கு விளங்கும் மொழியில், போதிய அவகாசத்தோடு வரவேண்டும். மாற்று இணைப்புக் கிடைக்காத கடைசி வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதைக் கேட்பது பாவனையாளரின் உரிமை.

இப்போது செய்யக்கூடியவை

முதலில், வெளிநாட்டு உறவினர்களிடம் கேளுங்கள். 1995 முதல் 2009 வரை எந்த மின்னஞ்சல் முகவரியைப் பாவித்தார்கள், அது இன்னும் திறக்கிறதா என்று விசாரியுங்கள். திறந்தால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது உள்ளே போய் வரச் சொல்லுங்கள்.

கிடைத்த மின்னஞ்சலைத் திரையில் படம் பிடித்தால் மட்டும் போதாது. இணைப்புகளோடு முழுமையாக இறக்கிக்கொள்ளுங்கள். ஜிமெயில் கணக்கு என்றால் ‘கூகுள் டேக்அவுட்’ மூலம் முழுவதையும் ஒரே தடவையில் பெறலாம். மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்பிய நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். ஒரு படம் எப்போது கைமாறியது என்பதற்கு அது சான்று.

பழைய தமிழ்க் கடிதங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. புதிய கணினியில் அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பழுதான கோப்பு என்று அழித்துவிட வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளால் யூனிகோட்டுக்கு மாற்றி வாசிக்கலாம். மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கும், படத்துக்குள் இருக்கும் திகதி விபரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

இறந்தவரின் கணக்கு என்றால், கடவுச்சொல்லை ஊகித்து முயலாமல், மரணச் சான்றிதழோடு நிறுவனத்திடம் கோரிக்கை வைக்கலாம். உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்குப் பிறகு கணக்கை யார் பார்க்கலாம் என்பதைக் கூகுளில் முன்கூட்டியே குறிக்க முடியும்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ, நீதிமன்றத்துக்கோ, வேறு அமைப்புக்கோ கொடுக்கும்போது பிரதியைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும். ஊர் மலர்கள், நினைவு மலர்கள், சங்க அறிக்கைகள் போன்ற பொது ஆவணங்களை, 2005 முதல் இயங்கும் நூலகம் இணைய நூலகத்துக்கு வழங்கலாம். மற்றவர்களின் பெயரும் முகமும் உள்ளவற்றைப் பொதுவெளியில் போடுமுன் அவர்களின் பாதுகாப்பையும் யோசியுங்கள்.

ஏஓஎல் டயல்அப் மூடப்பட்டதால் எங்கள் ஊரில் எவருடைய இணையமும் துண்டிக்கப்படவில்லை. ஆனால் அடுத்து மூடப்படப்போகும் சேவை எது என்பது நமக்குத் தெரியாது. இந்தக் கிழமை வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும்போது, சுகம் விசாரித்த பிறகு, அந்தப் பழைய முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.